வெள்ளையம்மாள் கருப்பு ஆடிய கதை

ஆவரங்குடி கிளை நூலகத்துச் சதுரங்கப் பலகையில் வெள்ளைக் காய்கள் ஆள் இல்லாமல் தாமாகவே நகரத் தொடங்கியது ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றே கால் மணிக்கு. அன்று மாதாந்திர மின்தடை என்பதாலும், மின்தடை நாளில் ஆவரங்குடிக்காரர்களின் கோபமும் ஆச்சரியமும் மொத்தமாக மின்வாரியத்தின் மேலேயே செலவாகிவிடும் என்பதாலும், யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பேப்பர் படித்துக்கொண்டிருந்த நாலு பேரில் ஒருவர் மட்டும் தலையைத் தூக்கிப் பார்த்து, "காத்தா இருக்கும்" என்றார். காற்று ஆடி மாசத்தோடு போனது, அதற்கப்புறம் அந்த ஊருக்கு வரவே இல்லை.

பலகைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவள் வெள்ளையம்மாள். வயது முப்பத்தாறு, நூலகத்தில் தொகுப்பூதிய வேலை, கல்யாணம் ஆகவில்லை. அப்பாவைப் பெற்றவளின் பெயரைத்தான் வைப்பது என்று அவள் பிறப்பதற்கு முன்பே முடிவாகிவிட்டதால் அந்தப் பெயர். பிள்ளை நாவல்பழ நிறத்தில் பிறந்ததற்காகப் பெயரை மாற்ற முடியாது, பெயருக்காக நிறத்தை மாற்றவும் முடியாது என்பதால் இரண்டும் முப்பத்தாறு வருஷமாக ஒரே உடம்பில் குடித்தனம் நடத்தின. வீட்டில் சுருக்கமாக "வெள்ளை" என்பார்கள். அம்மா சிவனம்மா வாசலில் நின்று "ஏ வெள்ளை!" என்று குரல் கொடுத்தால், தெருவுக்குப் புதிதாகக் குடிவந்தவர்கள் ஒரு சிவந்த பெண்ணையோ ஒரு பசுமாட்டையோ எதிர்பார்த்து எட்டிப் பார்ப்பார்கள், வருவது இவளாக இருக்கும், அவர்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டு உள்ளே போவார்கள், இவளும் பார்க்காதது போலப் போவாள்.

பத்தொன்பது தடவை அவளைப் பெண் பார்க்க வந்திருந்தார்கள். பெண் பார்க்கிற இடத்தில் மாப்பிள்ளை வீட்டார்தான் முதல் காயை நகர்த்துவார்கள், பெண் வீட்டார் பதிலுக்கு மட்டும்தான் நகர்த்தலாம் என்பது எழுதாத சட்டம். எழுதாத அந்தச் சட்டத்துக்குச் சிவனம்மா ஒரு முழு உரையே போட்டு மகளை மனப்பாடம் பண்ண வைத்திருந்தாள். சமைக்கத் தெரியுமா என்றால் "தெரியுங்க". பாடத் தெரியுமா என்றால் "கொஞ்சங்க". வேலைக்குப் போவதில் ரொம்ப இஷ்டமோ என்றால் "நீங்க சொல்றபடிங்க". என்ன கேட்கிறார்கள் என்றே விளங்காவிட்டால் "சரிங்க". பத்தொன்பது தடவையும் வெள்ளையம்மாள் ஒரு சொல் பிசகாமல் ஒப்பித்தாள், பத்தொன்பது தடவையும் வந்தவர்கள் பஜ்ஜியும் கேசரியும் சாப்பிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு, "ஊருக்குப் போயி லெட்டர் போடுறோம்" என்று எழுந்து போனார்கள். லெட்டர் வந்ததே கிடையாது. தரகர் திருவடி வழியாக ஒரு சேதி மட்டும் வரும்: பொண்ணு கருப்பு. கொஞ்சம் இரக்கமுள்ளவர்களாக இருந்தால், கருப்பா இருந்தாலும் பரவால்ல, நகையக் கொஞ்சம் கூடப் போட்டா யோசிக்கலாம் என்று வரும். அந்தப் 'பரவால்ல'தான் அவளுக்கு ஆகவே ஆகாது. கருப்பு என்பது ஒரு நிறம், சொல்லிவிட்டுப் போகட்டும். பரவாயில்லை என்பது மன்னிப்பு. செய்யாத குற்றத்துக்கு இவர்களிடம் யார் மன்னிப்புக் கேட்டது?

பத்தொன்பதாவது லெட்டர் வராமல்போன வாரத்தில்தான் நூலகத்தின் பின்னறையைக் கூட்டும்போது அவளுக்கு அந்தச் சதுரங்கப் பெட்டி கிடைத்தது. கருப்பு யானை ஒன்று காணாமல்போய், அதன் இடத்தில் யாரோ ஒரு ஹோமியோபதி மருந்துச் சீசாவை வைத்திருந்தார்கள். கூடவே அட்டை கிழிந்த ஒரு புத்தகம். கருப்புக் காய்களை வைத்து ஆடுகிறவர்களுக்கு என்றே எழுதியது என்று முதல் பக்கத்தில் போட்டிருந்தது. கருப்புக்கு ஆதரவாக ஒரு புத்தகமே இருக்கிறது என்பது அவளுக்கு அன்றுதான் தெரியும்; அந்த இடத்திலேயே துடைப்பத்தைப் போட்டுவிட்டு உட்கார்ந்து படித்தாள். ஆட்டத்தில் வெள்ளைதான் எப்போதும் முதலில் நகரும். வெள்ளை, ராஜாவுக்கு முன்னால் நிற்கும் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளினால் கருப்பு இன்ன சிப்பாயை ஒரு கட்டம் தள்ள வேண்டும், அதற்கு வெள்ளை இப்படி என்றால் அதற்குக் கருப்பு அப்படி, என்று பன்னிரண்டு நகர்வு தெளிவாக இருந்தது. அடுத்த அத்தியாயத்தின் தலைப்பு 'எதிர்பாராத தொடக்க நகர்வுகள்: கருப்பு என்ன செய்ய வேண்டும்?' தலைப்பு மட்டும்தான் இருந்தது. மிச்சத்தைக் கரையான் படித்து முடித்திருந்தது.

பன்னிரண்டு நகர்வையும் வாய்ப்பாடு போல ஏற்றிக்கொண்டு, அந்தச் செவ்வாய்க்கிழமை பலகையை விரித்து, கருப்பைத் தன் பக்கம் அடுக்கி, எதிர் நாற்காலியைக் காலியாக விட்டு, வெள்ளையையும் தானே நகர்த்தலாம் என்று அவள் கையை நீட்டியபோது, வெள்ளை நகர்ந்தது. அதுவும் ராஜாவின் சிப்பாய் அல்ல. ஓரத்தில் குதிரைக்கு முன்னால் நிற்கும் ஒரு வேலையில்லாத சிப்பாய், விடிந்ததும் விடியாததுமாக வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இரண்டு கட்டம் முன்னால் வந்து நின்றது. வெள்ளை தானாக நகர்ந்ததில் வெள்ளையம்மாளுக்கு ஆச்சரியம் ஒன்றும் இல்லை. புத்தகத்தில் இல்லாததை நகர்த்தியதுதான் தூக்கிவாரிப் போட்டது. இருந்தாலும் படித்ததை விடுவாளா? தன் முதல் நகர்வைச் செய்தாள், இரண்டாவதைச் செய்தாள், மூன்றாவதாக மந்திரியைக் குறுக்காக வெளியே கொண்டுபோய் நிறுத்தினாள். நிறுத்திய கட்டத்துக்கு நேர் குறுக்கே அந்தக் கிறுக்குச் சிப்பாய் வாயைப் பிளந்துகொண்டு நின்றது. மந்திரி போய்ச் சேர்ந்தார்.

மறுநாள் வெள்ளை குதிரையைப் பலகையின் ஓரத்துக்குத் தூக்கிக்கொண்டு போனது. அதற்கு மறுநாள் ராணியே இரண்டாவது நகர்விலேயே தெருவுக்கு இறங்கி வந்தாள். ஒரு நாள் செய்ததை மறுநாள் செய்யாது. இருபத்தாறு ஆட்டம் வெள்ளையம்மாள் தொடர்ந்து தோற்றாள், தோற்றது அவளுக்குப் பெரிதில்லை, பயந்தது வேறு ஒன்றுக்கு: கண் பார்ப்பதற்கு முன்பே கை போய்விடுகிறது. எதிரில் என்ன நடக்கிறது என்று தெரிவதற்கு முன்பே, நேற்று மனப்பாடம் பண்ணியது தானாக நடந்துவிடுகிறது. இதே மாதிரிதான் காது கேட்பதற்கு முன்பே தன் வாயிலிருந்து பத்தொன்பது வீட்டாருக்கும் 'சரிங்க' போயிருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்துபோனது. அன்றிலிருந்து ஆட உட்கார்ந்தால் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அதன் மேலேயே உட்கார்ந்துகொள்வாள்.

ஒரு புதன்கிழமை மாவட்ட நூலகத்தில் கூட்டம். வெள்ளை வந்து ஏமாந்துவிடக் கூடாதே என்று, முந்தின நாளே வாசல் கரும்பலகையில் "நாளை கருப்பு ஆட ஆள் தேவை" என்று எழுதினாள். எழுதியவளுக்கு அது சதுரங்கம். படித்த ஆவரங்குடிக்கு அது கருப்பசாமி. காலையில் அவள் கதவைத் திறக்கும்போது சாமியாடி சின்னக்காளை குளித்து முழுகி, கச்சை கட்டி, சந்தனம் அப்பி, கையில் அரிவாளோடு படியில் நின்றார். நாற்பது வயது, மற்ற நாளெல்லாம் வெங்காய மண்டியில் மூட்டை தூக்குகிறவர்.

"எந்தக் கருப்பு ஆடணும் தங்கச்சி? சங்கிலிக் கருப்பா, பதினெட்டாம்படியானா? உடுக்கடிக்க ஆள் எங்க?"

அவள் கூச்சத்தோடு பலகையைக் காட்டினாள். "அண்ணே, இந்தக் கருப்பு."

சின்னக்காளைக்கு முகம் சுருங்கியது; ஆனாலும் கச்சையைக் கட்டியது கட்டியாயிற்று, மண்டிக்கும் லீவு சொல்லியாயிற்று என்று அரிவாளை மேசைக்கு அடியில் வைத்துவிட்டு உட்கார்ந்தார். சாயங்காலம் ஐந்து மணிக்குக் கூட்டம் முடிந்து அவள் திரும்பி வந்தபோதும் அப்படியே உட்கார்ந்திருந்தார். வெள்ளை ஒரு இம்மி அசையவில்லை. அவர் எழுந்து அவள் உட்கார்ந்த மறுவினாடி, டக்கென்று ஒரு சிப்பாய் முன்னே வந்தது.

"அப்பிடியா சேதி," என்றார் சின்னக்காளை. "நமக்கு எறங்க மாட்டேங்குது. ஒனக்குத்தான் வருது."

"சாமி எப்ப வரும், எப்பிடி வரும்னு தெரியாம நீங்க எப்பிடிண்ணே நிக்கிறீக?"

"சொல்லிட்டு வந்தா அது சாமி இல்ல, சம்பந்தி. வந்துருச்சா, மொதல்ல நடுக்களத்துல காலை ஊனிக்கிரணும். அருவா, சாட்டையெல்லாம் அப்புறம் ஒண்ணொண்ணா வரும். வந்தது என்னன்னு பாக்காம போன வருசம் ஆடுனதையே ஆடுனோம்னா குப்புற விழுக வேண்டியதுதான். ரெண்டு தடவ விழுந்துருக்கேன்." முன்பல் இல்லாத இடத்தைக் காட்டிச் சிரித்தார்.

அவர் டீக்கடைக்குப் போய்ச் சொன்னது, விளக்கு வைப்பதற்குள் ஊர் முழுக்கத் தெரிந்தது. யார் உட்கார்ந்தாலும் வராதவன் வெள்ளையம்மாள் உட்கார்ந்தால் மட்டும் வருகிறான் என்றால் வருகிறவன் மாப்பிள்ளை அல்லாமல் வேறு யார் என்று ஊர் ஒரே மூச்சில் முடிவு செய்தது. மறுநாளே சிவனம்மா வெற்றிலைத் தட்டோடும் தரகர் திருவடியோடும் நூலகத்துக்கு வந்து, காலி நாற்காலியைப் பார்த்து முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"தம்பிக்கு எந்த ஊரு?"

மகள் கருப்பு ஆடிக்கொண்டிருந்த பலகையில் வெள்ளையின் ஓரத்துச் சிப்பாய் ஒரு கட்டம் நகர்ந்தது. "ஓரமாத் தள்ளுறாரு," என்றார் திருவடி, "கடலோரம். தூத்துக்குடிப் பக்கமா இருக்கும்."

"என்ன உத்தியோகம்?"

குதிரை குதித்தது. "போலீசு!" என்றார் திருவடி.

"ஆளு எப்பிடின்னுதான் தெரியலையே திருவடி. கண்ணுல பட மாட்டேங்குறாரே."

"வெள்ளைன்னு தெரியுதுல்ல அக்கா, அதுக்கு மேல என்ன வேணும்?"

சிவனம்மாவுக்கு அதற்கு மேல் ஒன்றும் கேட்கத் தோன்றவில்லை. உருவம் இல்லாததை அந்த ஊரில் ஒருவரும் ஒரு குறையாகச் சொல்லவில்லை. டீக்கடையிலிருந்து தினமும் நாலு மணிக்கு எதிர் நாற்காலிக்கு ஒரு கிளாஸ் டீ வந்தது. மின்விசிறியை அந்தப் பக்கம் திருப்பி வைத்தார்கள். பேப்பர் படிக்கிறவர்கள் பக்கத்தைச் சத்தமில்லாமல் திருப்பக் கற்றுக்கொண்டார்கள். உள்ளே வருகிற பெண்கள் காலி நாற்காலியைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு, "நெறம்னா நெறம், பாலு மாதிரி" என்று தங்களுக்குள் சொல்லிக்கொண்டு, சமையல் புத்தகம் எடுத்துப் போனார்கள்.

இதற்கு நடுவில் வெள்ளையம்மாள் கையின் மேல் உட்கார்ந்து ஆடிக்கொண்டிருந்தாள். வெள்ளை எதைத் தள்ளினாலும் முதலில் ஏன் தள்ளினாய் என்று மனசுக்குள் கேட்பாள். தன் மேல் பாய்கிறதா, சும்மா பயம் காட்டுகிறதா என்று பார்ப்பாள். பாயாவிட்டால் நடுக்களத்தில் ஒரு காலை ஊன்றுவாள், குதிரைகளை வெளியே விடுவாள், ராஜாவைப் பத்திரமான மூலையில் சேர்ப்பாள். சும்மா வந்து நிற்கிற காயைச் சும்மா கிடைத்தது என்று சாப்பிட மாட்டாள், அதன் பின்னால் யார் ஒளிந்திருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டுத்தான் தொடுவாள். நாற்பத்தோராவது ஆட்டம் சமமாக முடிந்தது. ஐம்பத்திரண்டாவதில் வெள்ளை ராஜா தோல்வியை ஒப்புக்கொண்டு தானாகவே மெதுவாகச் சாய்ந்து படுத்தது. அன்றைக்கு அவள் சந்தோஷத்தில் எதிர் நாற்காலியின் டீயையும் எடுத்துக் குடித்துவிட்டாள்.

ஆவணி போய்ப் புரட்டாசி வந்தும் மாப்பிள்ளை தேதி சொல்லவில்லை. "காயை நகத்துறவன் கல்யாணத்துக்கு நகர மாட்டேங்குறானே" என்று சிவனம்மா பொறுமை இழந்தாள். ஐப்பசி பிறந்ததும் திருவடி இருபதாவது இடத்தைக் கொண்டுவந்தார். மாப்பிள்ளை பெயர் செவ்வேள், வயது முப்பத்தொன்பது, மேலவயல் பால் சங்கத்தில் எழுத்தர், நல்ல சிவப்பு. சிவனம்மா மகளின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"எனக்கும் முடியலடி வெள்ளை. இதான் கடைசி. பரவால்லன்னு ஒரு வார்த்த அவுக வாயில வந்தாப் போதும், நீ சரின்னு தலையாட்டிரு. மத்தத அப்புறம் பாத்துக்கலாம்."

அம்மா பிடித்த கையை விடாததால் வெள்ளையம்மாளால் மறுக்க முடியவில்லை. ஆனால் தலையாட்டினால் என்னென்ன போகும் என்று அவளுக்குத் தெரியும். சம்பளம் பெரிதில்லை, நூலகமும் பெரிதில்லை. ஆனால் அந்தப் பலகைக்கு முன்னால் இருக்கும் நாற்காலி ஒன்றுதான் 'கருப்பாக இருந்தாலும்' என்று யாரும் தொடங்காத இடம். வருகிறவர்களைப் பற்றி அவளுக்குப் பயமில்லை. தன் வாயைப் பற்றித்தான் பயம்.

நாலரைக்கு வர வேண்டியவர்கள் மூன்றேகாலுக்கே வந்து நின்றார்கள். சிவனம்மா வாழைக்காயைக்கூடச் சீவி முடிக்கவில்லை. வெள்ளையம்மாள் தலைக்குக் குளித்து நைட்டியோடு அடுப்படியில் நின்றாள், முடியிலிருந்து தண்ணீர் சொட்டியது. மாப்பிள்ளையின் அம்மா ராஜாமணி விரித்த பாயில் உட்காரவில்லை, நேரே அடுப்படி வாசலுக்கு வந்தார், பெண்ணை மேலும் கீழும் ஒரு தடவை பார்த்தார்.

"பொண்ணு கருப்புதான். போட்டோவுக்கு ஒரு பங்கு கூடவே. பரவால்ல. எங்களுக்குச் சம்மதம். நகைநட்டு உங்க இஷ்டம். லைப்ரரிக்குப் போறத மட்டும் நிப்பாட்டிரணும், எனக்கு முழங்கால் வலி, வீட்டுல ஆள் வேணும். என்னம்மா, சரிதான?"

பஜ்ஜி இல்லை, பாட்டு இல்லை, ஒரு கேள்வி இல்லை. சம்மதம் என்று ஆரம்பிக்கிற மாப்பிள்ளை வீட்டாருக்குச் சிவனம்மாவின் உரையில் பதிலே கிடையாது. அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. திருவடி குங்குமச் சிமிழைத் திறந்துவிட்டார். வெள்ளையம்மாளின் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டி 'ச' என்ற எழுத்துக்குத் தயாராக நின்றது.

அவள் அங்கே கிடந்த முக்காலியில் உட்கார்ந்து, இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். அவள் எல்லோரையும் பார்த்தாள், அவசரமில்லாமல், ஒவ்வொருவராக. சும்மா விட்டுக்கொடுத்த நகையைப் பார்த்தாள், அதன் பின்னால் ஒளிந்திருந்த முழங்காலைப் பார்த்தாள். நிலைப்படிக்கு வெளியே, கழற்றிய செருப்புக்குப் பக்கத்தில், கூப்பிட்டால் போகலாம் என்பது போல நின்ற செவ்வேளையும் பார்த்தாள். அவரையும் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. இருபது மாப்பிள்ளைகள் வந்த வீட்டில் ஒருவர்கூட வாயைத் திறந்து பேசியதில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"வெள்ளை," என்றாள் சிவனம்மா கெஞ்சலாக, "வாயத் தொறந்து சொல்லுடி. வெள்ளை!"

லட்சம் தடவை கூப்பிட்ட பெயர், அன்றைக்குத்தான் அவள் காதில் முழுதாக விழுந்தது. வெள்ளை. வெள்ளைதானே முதலில் நகர வேண்டும்? அவள் எழுந்து ராஜாமணியைத் தாண்டி நிலைப்படிக்குப் போனாள்.

"உங்க அம்மாவுக்குச் சம்மதம். பரவால்லன்னாங்க. உங்களுக்கு என்னங்க பரவால்ல?"

"அம்மா சொன்னாச் சரிங்க," என்றார் செவ்வேள். சொல்லி முடித்த பிறகுதான் கேள்வி அவர் காதுக்குப் போனது. காது இரண்டும் சிவந்தன. மந்திரி போய்ச் சேர்ந்ததை வெள்ளையம்மாள் பார்த்தாள். அவளுக்குச் சிரிப்பு வந்தது, கூடவே அந்த ஆள்மேல் பாவமாகவும் இருந்தது. தான் விழுந்து எழுந்த அதே பள்ளத்தில் இன்னொருவர் விழுந்ததைப் பார்த்தால் வேறு எப்படி இருக்கும்?

"இதென்ன கூத்து," என்றார் ராஜாமணி, "பொண்ணு கேள்வி கேக்குது?"

"கோவிச்சுக்காதீங்க அத்தை. காபி சாப்பிட்டு நீங்க ஊருக்குப் போங்க. நான் லைப்ரரிக்குப் போயி லெட்டர் போடுறேன்."

அதற்குப் பிறகு சிவனம்மா அழுதாள், திட்டினாள், மூன்று நாள் மகளோடு பேசவில்லை. வெள்ளையம்மாளும் அழுதாள், சரியாக ஆடிவிட்டோம் என்பதற்காக வலிக்காமல் இருக்குமா என்ன?

பெண் பார்த்துப் போன மறுநாள் காலையில் நூலகத்தைத் திறந்தால், பலகை திரும்பியிருந்தது. வெள்ளைக் காய்கள் அவள் நாற்காலிக்கு முன்னால் அடுக்கியிருந்தன. கருப்பு, மருந்துச் சீசா உட்பட, எதிரே. அவள் ரொம்ப நேரம் கையின் மேல் உட்கார்ந்திருந்துவிட்டு, ஓரத்துக் குதிரைக்கு முன்னால் நிற்கும் அந்த வேலையில்லாத சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளினாள். எதிரே ஒன்றும் அசையவில்லை. அதற்கு அடுத்த நாளும் இல்லை. "கருப்பு எங்கயாச்சும் தானா நகருமா, நடக்குற காரியமா?" என்றார்கள் பேப்பர் படிக்கிறவர்கள். சின்னக்காளை வந்து பார்த்துவிட்டு, "எறங்குன சாமி மலையேறத்தான செய்யும்" என்று போனார். டீ மட்டும் பழக்கதோஷத்தில் வந்துகொண்டிருந்தது.

நாலாம் நாள் நாலு மணிக்கு, டீயோடு சேர்ந்து செவ்வேள் உள்ளே வந்தார். தனியாக வந்திருந்தார்.

"லெட்டர் வரல," என்றார்.

"இன்னும் எழுதலைங்க."

"அன்னைக்கு நீங்க கேட்டதுக்கு நாலு நாளா யோசிக்கிறேன். பதில் ஒண்ணும் வர மாட்டேங்குது. அதுக்கு முன்னாடி என்னைய யாரும் எதுவும் கேட்டதில்லைங்க. இங்க உக்காந்து யோசிக்கலாமான்னு…"

நூலகத்தில் காலியாக இருந்தது ஒரே ஒரு நாற்காலி. அவர் அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு பலகையைப் பார்த்தார், தனியாக முன்னால் வந்து நின்ற வெள்ளைச் சிப்பாயைப் பார்த்தார், தன் பக்கத்து மூலையில் இருந்த சீசாவைப் பார்த்தார்.

"இது என்னங்க?"

"யானை."

"அப்ப எனக்கு…" என்று தயங்கினார், "கருப்பா?"

நாலு பேப்பர்களும் ஒரே நேரத்தில் தாழ்ந்தன. வெள்ளையம்மாள் தொடைக்கு அடியிலிருந்து ஒரு கையை எடுத்து, டீ கிளாசை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"பரவால்ல," என்றாள். "உக்காருங்க."